மாரி காலத்தில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள அம்மாவின் அறையில் தணல் சட்டி வைக்கலாமா?

கேள்வி: வவுணதீவு மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்தின் வவுணதீவுப் பக்கம், வயல்வெளியை ஒட்டி இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கினால் தை முடியும் வரை வீட்டுக்குள் ஈரம் காய்வதில்லை. எழுபது வயதைக் கடந்த அம்மாவுக்கு முட்டு வருத்தமும் நீரிழிவும் உள்ளன. பகலில் ஒருவாறு சமாளித்துக்கொள்பவர், விடியற்புறத்தில் கைகால் குளிர்ந்து, நெஞ்சு இழுத்து, எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் இரவில் சிரட்டைத் தணலைச் சட்டியில் இட்டுக் கட்டிலின் கீழே வைத்து, யன்னல் இடுக்குகளை உரப்பையால் அடைத்துவிடுகிறோம். புகை வராத தணல் என்பதால் தீங்கில்லை என்று அயலவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சில காலைகளில் அம்மா தலையிடி என்கிறார்.

இது சரியான வழிதானா? பெரும்போக வயலில் நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் என் அண்ணன் எதில் கவனமாக இருக்க வேண்டும்? வெள்ளம் ஏறினால் அம்மாவை எந்தக் கட்டத்தில் வெளியேற்ற வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, கல்முனை

தங்கச்சி, இன்றிரவே அந்தச் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம். தணலில் கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும், காற்றோட்டம் குறைந்த இடத்தில் அது காபனோரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், முதலில் தலையிடியும் குமட்டலும் தலைச்சுற்றும் வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கைகூடத் தெரியாமல் நினைவு தப்பிவிடும். அம்மாவின் காலைத் தலையிடிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்றாலும், உரப்பையால் அடைத்த அறையில் தணல் இருக்கையில் நான் வேறு காரணத்தைத் தேடமாட்டேன். வைத்தியரிடம் போகும்போது தணல் வைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் பகுதியில் இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலையொட்டி வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரில் இறந்ததை மறந்துவிட்டார்கள். மழையில் நனைந்து, காற்றுக்கு ஒதுக்கிடமின்றி நின்றவை அவை. நீர் உடலின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக இழுத்துவிடும். அதனால் நமக்கு எதிரி வெறும் குளிரைவிட ஈரமும் காற்றும்தான். முதியவர்களின் உடல் சூட்டை உண்டாக்கும் திறனும் குறைவு, குளிரை உணரும் திறனும் குறைவு. உடலின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே போனால் அது அவசர நிலை. அம்மா வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, பேச்சுக் குழறி, தடுமாறினால் "குளிர்தானே" என்று விட்டுவிடாமல் 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். நீரிழிவுக் குளிசை எடுப்பவர் என்பதால், சீனி குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம்.

செய்ய வேண்டியது அம்மாவை உலர்வாக வைத்திருப்பதுதான். சில வீடுகளில் மழைக்காலத்தில் துணிக் கொடியை நோயாளியின் அறைக்குள்ளேயே கட்டுகிறார்கள்; சொட்டும் ஈரமெல்லாம் அந்த அறைக் காற்றில் சேர்ந்து, சுவரில் பூஞ்சணம் பிடித்து, முட்டு வருத்தத்தைக் கிளப்பிவிடும். கொடியை விறாந்தைக்கு மாற்றுங்கள். காற்று நேரே படாத பக்கத்து யன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். மெத்தைக்குக் கீழே ஒரு பாயும் பழைய போர்வையும் இருந்தால் அடியிலிருந்து ஏறும் குளிர் தடைப்படும். ஒரே தடித்த போர்வையைவிட மெல்லியவை இரண்டு மூன்று, தலைக்கு ஒரு துணி, காலுக்குக் காலுறை ஆகியவை பயன் தரும். சுடுநீர்ப் போத்தல் வைப்பதானால் துவாயில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அம்மா படுக்கும்போது எடுத்துவிடுங்கள். நீரிழிவுக்காரரின் காலில் உணர்வு குறைந்திருந்தால் பொக்களம் வந்த பிறகுதான் தெரியும். கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கட்டும், இதமாக இருக்கும், ஆனால் இன்ஹேலருக்குப் பதிலாக அல்ல.

பதில்: படுவான்கரை விவசாயி

அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு என் பங்கைச் சொல்கிறேன். சேற்றில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் எல்லோரும் அறிந்த ஆபத்து. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள கீறல் வழியாகக் கிருமி நுழைகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக டொக்சிசைக்கிளின் குளிசையை முற்காப்பாகத் தருவார்கள். வயல் வேலை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டின் பின் நிறையத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. குளிசையை வாங்கி, விழுங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வயலுக்குப் போகிறவர்களை எங்கள் வயற்கண்டத்தில் நிறையப் பார்க்கலாம்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக நொந்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், "வயலில் வேலை செய்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். மழையோடு டெங்கும் வருவதால், எந்தக் காய்ச்சலுக்கும் பரசிற்றமோல் தவிர்ந்த வலிக் குளிசைகளைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

பலர் அறியாத இன்னொன்று மெலியோய்டோசிஸ். சேற்றிலும் மண்ணிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் மழைக்காலத்தில் அதிகம் வரும் இந்நோய் நமது மாவட்டத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களையே அது பெரிதும் தாக்கும். நியூமோனியாவாகவோ ஆறாத கட்டியாகவோ வெளிப்படும். வழக்கமாக எழுதிக் கொடுக்கும் அமொக்சிசிலின் இதற்குக் கேட்காது என்பதால் தாமதம் உயிருக்கே ஆபத்து. உங்கள் குடும்பத்தில் நீரிழிவு இருப்பதால் அண்ணனும் ஒருமுறை சீனி சோதித்துப் பார்ப்பது நல்லது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காமலிருப்பதும், இறங்கத்தான் வேண்டுமென்றால் சப்பாத்து அணிவதும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்ந்த உடுப்பு மாற்றுவதும் போதும், பெரிய செலவில்லை.

பதில்: சம்மாந்துறை ஆசிரியர்

சகோதரி, வெளியேறும் நேரம் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. "உழவு இயந்திரம் உயரமானது, போய்விடலாம்" என்ற நம்பிக்கையை நம் மக்கள் இனியாவது கைவிட வேண்டும். வீதியைக் குறுக்கறுத்து ஓடும் நீர் உழவு இயந்திரப் பெட்டியின் பக்கம் முழுவதிலும் மோதித் தள்ளும். சக்கரத்தின் அடியில் வீதி அரிக்கப்பட்டிருப்பதும் மேலிருந்து தெரியாது. வேகமாக ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே மனிதரை வீழ்த்திவிடும்.

ஆகவே உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பதாக அறிவித்தால், வீதி காய்ந்திருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் அம்மாவை நகரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கிளினிக் கொப்பி, குறைந்தது இரண்டு வாரத்துக்கான குளிசைகள், இன்ஹேலர், அடையாள அட்டை ஆகியவற்றை இப்போதே ஒரு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். சிக்கிக்கொண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்கலாம். வெள்ளம் வடிந்து திரும்பியதும், கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். வீட்டு மூலைகளைத் தடியால் தட்டிப் பார்த்த பின்பே கைவையுங்கள், விரியன்கள் ஒதுங்கியிருக்கும்.

வவுணதீவு மகள்

மூவருக்கும் மிக்க நன்றி. சட்டியை வெளியே எடுத்துவிட்டோம், கொடியும் விறாந்தைக்குப் போய்விட்டது. ஒரு சந்தேகம்: தங்கை பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வரவிருக்கிறாள். பிள்ளையைக் குளிக்கவார்த்ததும் சாம்பிராணிப் புகை பிடிப்பது வழக்கம். அதையும் நிறுத்த வேண்டுமா?

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை

நிறுத்துவதே நல்லது, தங்கச்சி. அதுவும் தணலில்தான் போடுகிறீர்கள். கூடவே புகையும் சேர்கிறது. பச்சைப்பிள்ளையின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது, அதே வீட்டில் முட்டுக்காரரும் இருக்கிறார். வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளிக்கவார்த்து, உடனே தலையைத் துவட்டி, தாயின் மார்போடு அணைத்துப் போர்த்திவிட்டால் பிள்ளைக்கு வேண்டிய சூடு கிடைத்துவிடும். மூத்தவர்கள் மனம் வருந்தினால் சாம்பிராணியை முற்றத்தில் போடச் சொல்லுங்கள்.