பெற்றோல் இல்லாத நாள்களில் பணிக்கு வந்தவர்கள்

வடமராட்சியிலிருந்து:

2022ஆம் ஆண்டு இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியைப் பற்றிப் பேச்செடுத்தால் நாங்கள் எல்லோரும் கொழும்புக் காலிமுகத்திடலையே நினைக்கிறோம். ஏப்ரல் 9ஆம் திகதி அங்கே தொடங்கிய போராட்டமும், ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்ததும் நினைக்கப்பட வேண்டியவைதாம். ஆனால், நாட்டுக்கு யார் பொறுப்பு என்று சொல்ல முடியாதிருந்த அந்த மாதங்களில், தம் கடமைக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த அரச ஊழியர்களுக்கு நாங்கள் வாய்திறந்து நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆகவே என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். உங்கள் மனத்திலும் அப்படி ஒருவர் இருந்தால் எழுதுங்கள்.

அப்போது என் முதற்பிள்ளை வயிற்றில் இருந்தாள். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் மிட்வைப் அக்கா என்றே அழைப்போம். அதுவரை ஸ்கூட்டரில் வந்தவர், பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்ட பிறகு சைக்கிளில் வரத் தொடங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வைகாசி வெயிலில், நிறை பார்க்கும் தராசைப் பையில் போட்டு ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் திரிபோஷா என்ற சத்துமா அந்த மாதங்களில் எங்களுக்கு வரவில்லை. அவர் வெறுங்கையோடு வந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தயங்கி நின்றார். பிறகு எங்கள் குசினிக்குள் வந்து, என்ன இருக்கிறது என்று பார்த்து, குரக்கனையும் எள்ளையும் முருங்கையிலையையும் வைத்து ஒரு கிழமைக்குச் சாப்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் நடுப்பகுதியில் ஒருநாள் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பிள்ளை, நோ வாற நேரம் வரிசையில நிண்டு பெற்றோல் எடுக்க ஏலாது. ரெண்டு லீற்றர் இப்பவே ஓட்டோவில கிடக்க வேணும்." அதோடு நிற்காமல், எங்கள் ஊர் ஓட்டோக்காரர் இருவரைத் தாமே கண்டு பேசி, பிரசவத்துக்கென்று பெற்றோலை ஒதுக்கி வைக்கச் சொல்லி, அவர்களுடைய தொலைபேசி எண்களை என் கர்ப்பிணிப் பதிவட்டையின் பின்புறத்தில் நீலப் பேனாவால் எழுதித் தந்தார். இரண்டு கிழமைக்குள், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. எனக்கு நோ கண்டது ஜூலை 12 இரவு. அந்த இரண்டு லீற்றரில்தான் நான் ஆதார வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை மகள் பிறந்தாள். ஜனாதிபதி மாலைதீவுக்குப் போய்விட்டார் என்று அறையில் யாரோ கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற தாதி அதைக் கேட்டும் திரும்பவில்லை. பிள்ளையின் நிறையை எழுதிக்கொண்டிருந்தார். தனக்கு அடுத்து வரவேண்டியவருக்குப் பேருந்து கிடைக்காததால், முதல்நாள் மாலையிலிருந்து வீட்டுக்குப் போகாமலே அவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எல்லா ஊழியரும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழுக்காகப் போன ஓர் அலுவலகத்தில், ஆள் இல்லை என்று என் கணவரை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் வந்தவர்களின் அருமை எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

துடக்குக் கழிந்த கிழமை மிட்வைப் அக்கா காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். புது டியூப்பின் விலை எட்டாத விலையாக இருந்த காலம் அது. அவர் உள்ளே பிள்ளையை நிறுத்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் முற்றத்தில் தண்ணீர்ச் சட்டியை வைத்து, டியூப்பை அமுக்கி, குமிழி வந்த இரண்டு இடத்திலும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். நாங்கள் அவருக்குச் செய்தது அவ்வளவுதான். வாங்கி வைத்திருந்த சேலையை அவர் தொடவே இல்லை. "அடுத்த மாதம் நிறை பாக்கிற நாளுக்கு நேரத்தோட கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வவுனியாவிலிருந்து:

எங்கள் அப்பாவுக்குக் கிழமையில் இரண்டு தடவை குருதிச் சுத்திகரிப்பு நடந்துவந்தது. ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கி, மூச்சு வாங்கும். தனியார் பேருந்துகள் பெரும்பாலும் நின்றுபோனபோது, எங்களுக்கு எஞ்சியது அதிகாலையில் வரும் ஒரேயோர் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பேருந்துதான். மிதிபலகையிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும் அந்தப் பேருந்தில், முன் இருக்கை ஒன்றின் மேல் நடத்துநரின் துவாய் கிடக்கும். அது அப்பாவின் இருக்கை. சாரதி சிங்களவர்; தமிழில் அவருக்குத் தெரிந்தது சில சொற்களே. "ஐயா, மெதுவா, மெதுவா" என்பார். அப்பா ஏறி அமரும்வரை பேருந்தை எடுக்க மாட்டார். நிலையத்துக்குப் போகும் முன் வைத்தியசாலை வாசலிலேயே நிறுத்தி இறக்கிவிடுவார். அப்பா கடந்த ஆண்டு காலமானார். அந்தச் சாரதியின் பெயரைக் கேட்டுவைக்காமல் போனது எனக்குப் பெரிய குறையாக இருக்கிறது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டப்புறத்திலிருந்து:

நான் கிராம அலுவலராக இருக்கிறேன்; ஆகவே நன்றியைப் பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த ஆண்டு செப்டம்பரில் உணவுப் பொருள் விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. எங்கள் சம்பளம் அந்த அளவுக்கு உயரவில்லை. அதைவிடக் கடினமாக இருந்தது, மண்ணெண்ணெய்க்கும் நிவாரணத்துக்கும் பட்டியல் எழுதுவதுதான். யாரை எழுதினாலும், எழுதப்படாதவரின் பசிக்கு நானே காரணம் என்ற நிலையில், வாசலில் ஏச்சுக் கேட்காத நாளே இல்லை.

தமிழ்நாட்டு மக்கள் மே மாதம் சென்னையிலிருந்து அனுப்பிய அரிசி எங்கள் பிரிவுக்கும் வந்தது. பை வாங்கிய ஒரு மூதாட்டி, அதைத் தலையில் தூக்கிவைத்த பிறகு, மறுபடியும் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஐயா, மேல் லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்னைவிட கஷ்டப்பட்ட புள்ளைங்க இருக்கு. அவங்க பேரு லிஸ்ட்ல இருக்குங்களா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், இல்லை. பழைய பதிவேட்டை நம்பி நான் எழுதிய பட்டியலில், தகப்பன் கொழும்புக்கு வேலை தேடிப் போய்த் திரும்பாத ஒரு குடும்பமும், வேறு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த இன்னொரு குடும்பமும் விடுபட்டிருந்தன. "நீங்களும் எத்தனை பேருக்குத்தான் பார்ப்பீங்க, நல்லா இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை மழையில் மேல் லயத்துக்கு ஏறிப் போனேன். தூத்துக்குடியிலிருந்து அடுத்த கப்பல் வந்தபோது, அந்த இரு குடும்பங்களின் பெயரும் என் பட்டியலின் முதல் பக்கத்தில் இருந்தன.