பிடித்து வைத்த மழைநீரில் வாடையும் கொசுப்புழுவும்: மாடித்தோட்டச் செடிகளுக்கு ஊற்றலாமா?

கேள்வி (குரோம்பேட்டை, சென்னை):

அனைவருக்கும் வணக்கம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாயின் கீழ் 500 லிட்டர் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வைத்து, வடகிழக்குப் பருவமழை நீரைப் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றி வருகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு மிகுந்தது. அதை ஊற்றினால் தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் படிகிறது என்பதால்தான் மழைநீருக்கு மாறினேன். இப்போது டிரம் நீர் பச்சை நிறம் ஏறியிருக்கிறது, மூடியைத் திறந்தால் சாக்கடை வாடை அடிக்கிறது, கொசுப்புழுக்களும் நெளிகின்றன. கத்தரி, மிளகாய்ச் செடிகளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. அரைக்கீரையும் புதினாவும் இதே நீரில்தான் வளர்கின்றன. வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதால், இந்த நீரைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதை அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1:

வணக்கம் ஐயா. மாடியிலிருந்து அடித்து வரப்பட்ட சருகும் தூசியும் டிரம்மின் அடியில் தங்கி, காற்றில்லாமல் அழுகுவதால்தான் வாடை வருகிறது. நீல டிரம்முக்குள் வெயில் ஊடுருவுவதால் பாசி பிடிக்கிறது. கைப்பிடி அளவு பிளீச்சிங் பவுடரை டிரம்மில் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பதில் 2:

முந்தைய பதிலில் காரணம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் பிளீச்சிங் பவுடர் பற்றிய யோசனையை ஏற்க இயலாது. சருகும் சேறும் நிறைந்த நீரில் குளோரின் பெரும்பகுதி அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். அளவு கூடினால் மீதமுள்ளது வேரைத் தாக்கும். காலி டிரம்மைக் கழுவ மட்டும் அதைப் பயன்படுத்தி, நன்கு அலசிவிட்டு வெயிலில் காயவிடுங்கள்.

கழுவும்போது உட்சுவரை நார் கொண்டு அழுத்தித் தேய்ப்பது மிக முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில்தான் முட்டையிடும். அந்த முட்டைகள் நீரின்றி மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் நீர் ஏறியதும் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாய்ப்பகுதியில் நைலான் வலையை இடைவெளியின்றி இறுகக் கட்டி, வழிந்தோடும் குழாய்க்கும் வலை போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது செடிக்கு ஆகாது. புழுவைக் கொல்லும் பிடிஐ என்னும் நுண்ணுயிர் மருந்தை உறையில் குறிப்பிட்ட அளவில் இட்டால் செடிக்குக் கேடில்லை.

இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாடியில் அண்மையில் ஏதேனும் பூச்சு அடித்தீர்களா? அப்படியானால், டிரம்மைக் காலி செய்வதற்கு முன் ஒரு வாளி நீரை மட்டும் மூடி எடுத்து வையுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. இந்தக் கோடையில்தான் நீர்க்கசிவைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். பாசி பிடிக்காது என்று அதன் டப்பாவிலேயே எழுதியிருந்தது. இலை மஞ்சளாவதற்கு அதுவே காரணமாக இருக்குமா? ஒரு வாளி நீரை எடுத்து வைத்துவிட்டேன்.

பதில் 2:

இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம். பாசி எதிர்ப்புப் பூச்சுகள் சிலவற்றில் சேர்க்கப்படும் டையூரான் போன்ற பொருட்கள் உண்மையில் களைக்கொல்லிகளே. பூச்சு அடித்தபின் பெய்யும் முதல் சில மழைகளில்தான் அவை அதிகம் கரைந்து வரும். இரண்டு சிறு கோப்பைகளில் ஒரே மண்ணை நிரப்பி வெந்தயம் விதைத்து, ஒன்றுக்கு டிரம் நீரையும் மற்றதற்குக் குடிநீரையும் ஊற்றி வெயிலில் வையுங்கள். முளைப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள்: இவ்வகைக் களைக்கொல்லி முளைப்பைத் தடுப்பதில்லை, இலை விரிந்து ஒளிச்சேர்க்கை தொடங்கிய பிறகே தன் வேலையைக் காட்டும். மூன்றிலை விரியும் வரை காத்திருந்து, இலை ஓரம் வெளுத்துக் கருகுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு கோப்பையும் ஒன்றுபோல் வளர்ந்தால், மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கனமழை தொட்டி மண்ணின் சத்தை அடித்துளை வழியாக வெளியேற்றிவிடும். மழைநீரிலும் சத்து ஏறக்குறைய எதுவும் இல்லை. அடி இலை முழுவதும் சீராக மஞ்சளாவது அதன் அடையாளம்.

பதில் 3:

கீரை பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். காக்கையும் புறாவும் உட்காரும் மாடி நீரில் அவற்றின் எச்சமும் அதிலுள்ள கிருமிகளும் கலந்திருக்கும். அரைக்கீரையை வேகவைப்பதால் அச்சம் குறைவு. புதினாவையும் கொத்தமல்லியையும் பச்சையாகவே அரைத்துத் துவையல் செய்கிறோம் என்பதால் அவற்றுக்குக் குழாய்த் தண்ணீரே நல்லது. மற்றவற்றுக்கும் பூவாளியால் இலை மேல் தெளிக்காமல், குவளையால் மண்ணில் ஊற்றுங்கள். பறித்ததும் குடிநீரில் கழுவுங்கள். குழந்தைகள் அந்த நீரில் கைவிட்டு விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறண்ட நாட்களுக்குப் பின் வரும் முதல் மழையைப் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். 1000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 90 லிட்டர் நீர் இறங்கும். மாடியைக் கழுவி வரும் அந்த அழுக்கு நீர் டிரம்முக்குள் போகாதபடி குழாயின் முழங்கையைத் திருப்பி வைத்தால், அடியில் சேரும் சேறு குறையும்.

கேட்டவர்:

இரண்டு கோப்பை வெந்தயமும் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில் வளர்ந்து நிற்கின்றன, ஓரம் கருகவில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மண்புழு உரமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் கொடுத்தபின் புதுத் தளிர்கள் நல்ல பச்சையாக வருகின்றன. டிரம்மைத் தேய்த்துக் கழுவி, வெளிப்புறம் கறுப்புச் சாக்கைச் சுற்றி, வலையும் கட்டிவிட்டேன். புதினாத் தொட்டியைக் குழாயடிக்கு மாற்றியிருக்கிறேன்.