லேப்ராஸ்கோபி செய்த இடத்தில் குடலிறக்கம் திரும்பினால் மறுபடி துளையா, வெட்டா?

களக்காட்டுத் தம்பி:
எங்கள் அண்ணன் வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். போன வருஷம் வலது தொடை இடுக்கில் வந்த குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, குடல் பிதுங்காமல் தாங்க வலை வைத்தார்கள். இப்போது அதே இடத்தில் வீக்கம். இருமினால் தள்ளுகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. மறுபடியும் துளை போட்டே செய்யலாம் என்கிறார் டாக்டர். வெட்டித்தான் செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அம்பை அண்ணாச்சி:
தம்பி, சுமை தூக்குகிறவருக்கு முதலிலேயே திறந்து செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2004ல் வந்தது. முதல்முறை செய்துகொண்டவர்களில், இரண்டு வருஷத்துக்குள் திரும்பியது லேப்ராஸ்கோபியில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, திறந்து வலை வைத்ததில் நான்கு பேருக்கு. திறந்து செய்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தே முடித்துவிடலாம். லேப்ராஸ்கோபிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். சின்னத் தழும்பு என்று சொல்லியே ஆளைச் சம்மதிக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாளை சிஸ்டர்:
அண்ணாச்சி, அதே ஆய்வின் மீதியையும் சொல்லுங்கள். 250க்கு மேல் செய்து பழகிய சர்ஜன்களிடம் அந்தப் பத்து ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. வலை பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சிறியதாக வைத்தாலோ, கீழ் ஓரம் சுருண்டுகொண்டாலோ குடலுக்கு வழி கிடைத்துவிடும். நாள்பட்ட வலியும் லேப்ராஸ்கோபியில் குறைவு, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். தினக்கூலிக்காரருக்கு அது சின்ன விஷயமா?

அம்பை அண்ணாச்சி:
சீக்கிரம் வேலைக்குப் போய் மறுபடி பிதுங்கினால் அந்தக் கூலியை யார் தருவது, தங்கச்சி? எந்த சர்ஜன் எத்தனை செய்தார் என்று லோடு ஏற்றுகிறவர் எப்படிக் கேட்பார்?

பாளை சிஸ்டர்:
வாய்விட்டுக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டாம் முறைக்கு நானும் உங்கள் பக்கம்தான். உள்ளே வலை வைத்த இடம் ஒட்டிக் கிடக்கும். அதை மறுபடி பிரிக்கப் போனால் மூத்திரப்பையோ ரத்தக்குழாயோ அடிபடலாம். லேப்ராஸ்கோபியில் உள்ளிருந்து செய்தது தோற்றால் முன்பக்கம் திறந்தும், முன்பக்கம் செய்தது தோற்றால் உள்ளிருந்தும் செய்யச் சொல்கிறது 2018ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்.

தம்பி, முதலில் ஒரு ஸ்கேன் எடுங்கள். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் வருகிற வீக்கம் வெறும் நீர்க்கோர்வையாக இருக்கலாம், தானே வற்றிவிடும். விந்துக்குழாயை ஒட்டிய கொழுப்புக் கட்டியை எடுக்காமல் விட்டிருந்தாலும் வீக்கம் தெரியும். ஒரு வருஷம் கழித்து, இருமும்போது தள்ளுகிறது என்றால் திரும்பி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.யில் இன்னொரு கருத்தும் கேளுங்கள். அண்ணனுக்கு பீடி உண்டா?

களக்காட்டுத் தம்பி:
உண்டு அக்கா. மலச்சிக்கலும் இருக்கிறது.

பாளை சிஸ்டர்:
அப்படியானால் ஆபரேஷனுக்கு முன்பே பீடியை நிறுத்தச் சொல்லுங்கள். புகை திசுவையும் கெடுக்கும், இருமலையும் தரும். முக்கி முக்கி மலம் கழித்தால் எந்த வலையும் பாடுபடும். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே கூட்டிப் போங்கள்.

அம்பை அண்ணாச்சி:
பீடி விஷயம் முழுக்கச் சரி. ஆனாலும் முதல்முறை வருகிற சுமைக்காரருக்கு நான் திறந்து செய்வதையே சொல்வேன். இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் மட்டும் லேப்ராஸ்கோபிக்குச் சம்மதம்.

பாளை சிஸ்டர்:
பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. அவர்களுக்குத் தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே வரும் தொடைக்குழி இறக்கம் கூடவே ஒளிந்திருக்கலாம். முன்பக்கம் திறந்தால் அது கண்ணில் படாமல் போய்விடலாம்.