மேலத்தெரு சொந்தங்கள் குழு: நாளைக்கு மருந்து அடிக்கலாமா?

*பெரியம்மா, காலை 6.04*
_ஃபார்வர்டு செய்யப்பட்டது:_ இன்று இரவு சூரியப் புயல். 12.30 முதல் 3.30 வரை செல்போனை அணைத்து வைக்கவும். அனைவருக்கும் பகிரவும்.

*பெரியம்மா*
கயலு, நெசமாம்மா? கைக்குழந்தை இருக்கற வீடு.

*கயல்*
பயப்படாதீங்க பெரியம்மா. நம்ம காத்து மண்டலத்தைத் தாண்டி சூரியப் புயலோட கதிர் தரைக்கு வராது. போனை அணைக்கவே வேணாம்.
ஆனா புயல் வர்றது நெசம். அமெரிக்காவுல போல்டர்ங்கற ஊர்ல உள்ள விண்வெளி வானிலை மையம் தினம் ரெண்டு தடவை, நம்ம நேரத்துக்குக் காலை 6, சாயந்தரம் 6, அடுத்த மூணு நாளைக்குக் கணிப்பு விடும். புயலோட பலத்தை ஜி1, ஜி2ன்னு சொல்லுவாங்க, நாளைக்கு ஜி2 போட்டிருக்காங்க. ஜி5 தான் உச்சம்.

*கார்த்தி*
கயல், நாளைக்குக் காலையில மாமா வயல்ல ட்ரோன் ஓட்டணும். கேபி, அதான் பூமியோட காந்தம் கலங்குற அளவு, எவ்ளோ?

*கயல்*
காலை 5.30லேர்ந்து 8.30 வரைக்கும் 6 அண்ணா. அதுக்கப்புறம் 5. மத்தியானம்தான் 3க்கு இறங்குது.

*மாமா*
வானம் வெளுத்துக் கெடக்கு, காத்தும் இல்ல. இலைச்சுருட்டுப் புழு தின்னுட்டே போவுது. தள்ளிப் போடச் சொல்றியா?

*கயல்*
ஆமா மாமா. ஜிபிஎஸ் சிக்னல் மேல அயனி மண்டலத்தை, அதான் மின்னூட்டம் உள்ள காத்து அடுக்கை, தாண்டித்தான் கீழ வரணும். புயல் அன்னைக்கு அந்த அடுக்கு கலங்கிப் போயிடும், ட்ரோன் தன் எடத்தைத் தப்பாக் கணக்குப் போடும். 2024 மே மாசம் ஜி5 அடிச்சப்ப, அமெரிக்காவுல விதைப்பு நேரத்துல ஜிபிஎஸ் டிராக்டரையெல்லாம் நிறுத்த வேண்டியதாப் போச்சு.

*கார்த்தி*
மாமா, உங்க கீழண்ட வரப்பைத் தாண்டினா பக்கத்து வயல்காரங்க மாப்பிள்ளைச் சம்பா. மருந்தே போடாம வளக்கறாங்க. ரெண்டு மீட்டர் தள்ளிப் போனாலும் அவங்க பாடு வீணாயிடும். நான் ஓட்ட மாட்டேன்.

*மாமா*
அதுவும் சரிதான். இந்தக் கணிப்பு பொய்க்காதா?

*கயல்*
சில சமயம் பொய்க்கும் மாமா. சூரியன்லேர்ந்து கெளம்புற மின்துகள் மேகம் இங்க வர ஒண்ணுலேர்ந்து மூணு நாள் ஆவும். அதோட காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கறதை வச்சுத்தான் அடி பலமா இல்லையான்னு தெரியும். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கற செயற்கைக்கோள் மேல அது பட்டாத்தான் அது உறுதியாவும். பட்டதுக்கப்புறம் அது இங்க வர ஒரு மணி நேரங்கூட ஆகாது. நம்ம ஆதித்யா எல்1 அங்கதான் நிக்குது, செங்கோட்டை நிகர் ஷாஜி அம்மா திட்ட இயக்குநரா இருந்து அனுப்புனது.

*சித்தப்பா (நாகை)*
கயலு, இந்தப் புரட்டாசியில ராத்திரி போட்டுல ஜிபிஎஸ் திடீர்னு சாட்டிலைட்டை விட்டுடுது. இதுவும் புயல்தானா?

*கயல்*
அதுக்குப் புயலே வேணாம் சித்தப்பா. பூமியோட காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாப் போவுது, அதனால நமக்குன்னே உள்ள தொல்லை இது. பொழுது சாஞ்சதும் அயனி மண்டலத்துல குமிழி குமிழியாக் கெளம்பும். புரட்டாசியிலயும் பங்குனியிலயும் ஜாஸ்தி, நடுராத்திரிக்கு மேல அடங்கும். அந்த நேரம் திசைகாட்டியையும் பாத்துக்குங்க.

*சித்தப்பா (நாகை)*
மெஷின் கெட்டுப்போச்சுன்னு விக்கப் பாத்தேன். தினம் சாயந்தரம் நெலவரம் போடும்மா.

*கயல்*
போடறேன் சித்தப்பா. கார்த்தி அண்ணா, நாளன்னைக்குக் காலையில கேபி 2தான்.

*கார்த்தி*
அப்ப நாளன்னைக்கு 6 மணிக்கு வந்துடறேன் மாமா. போர் தண்ணி புடிச்சு வைங்க. வாய்க்கால் தண்ணி வேணாம், நாசில் அடைச்சுக்கும்.

*மாமா*
ரெண்டு டிரம் போதுமா மாப்ள?