வ்ரிகோலகஸ்: ஓநாய் மயிரா, சேத்துக்குழியா?

நடுசாமநரி:
நேத்து இங்க ஒருத்தர் அள்ளி விட்டாரு பாருங்க, ஓநாய் மனுஷனுக்கு கிரேக்கத்துல வ்ரிகோலகஸ்னு பேராம், 'வூர்கோஸ்'னா சேறு, 'லாக்கோஸ்'னா குழி, சேத்துக்குழியிலேந்து எழுந்து வருதாம், சுத்தமான கிரேக்கச் சொல்லாம். அய்யா, அது ஸ்லாவ்காரன்கிட்ட வாங்கின சொல்லு. செர்பியால 'வுகோத்லாக்', பல்கேரியால 'வர்கோலாக்'. முன்பாதி ஓநாய், பின்பாதி 'த்லாகா', அதாவது மயிர்.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
அந்த ஒருத்தர் நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். சேத்துக்குழி என் சொந்தச் சரக்கு இல்ல, லியோ அலாட்டியஸ்னு ஒரு கிரேக்க அறிஞர் 1645லயே எழுதினது. அவரு கியாஸ் தீவுல பொறந்தவரு. நீங்க எந்தத் தீவு? சரி, 'த்லாகா'ன்னா அந்த 'த்' எங்க போச்சு?

நடுசாமநரி:
1645ல எழுதிட்டா வேதமா? பல்கேரியாக்காரன் வாயிலயே அது விழுந்துருச்சு, வர்கோலாக்ல எங்க இருக்கு 'த்'?

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
அதத்தான் நானும் கேக்குறேன். எங்க?

தேன்குழல்:
ரெண்டு பேரும் எதப் பத்தி பேசுறீங்க? ஓநாய் மனுஷனுக்கு கிரேக்கத்துல 'லிகாந்த்ரோபோஸ்', லிகோஸ் ஓநாய், ஆந்த்ரோபோஸ் மனுஷன், முடிஞ்சுது. வ்ரிகோலகஸ் அங்க ஓநாயே இல்ல. புதைச்ச பொணம் அழுகாம மத்தளமாட்டம் உப்பிப்போய் எழுந்து வர்றது. கதவத் தட்டி பேரச் சொல்லி கூப்பிடும், முதல் தடவையே பதில் குடுத்தா ஆள் காலி.

நடுசாமநரி:
அதெல்லாம் தெரியும் தங்கச்சி, இப்ப பேச்சு 'த்' பத்தி.

தேன்குழல்:
தங்கச்சியா? எனக்கு 54 வயசு.

பாதிநிலா:
பீமனுக்கு விருகோதரன்னு ஒரு பேரு இருக்குல்ல, ஓநாய் வயித்துக்காரன். அந்த விருகம், லிகோஸ், ஸ்லாவ் ஓநாய் எல்லாம் ஒரே வேர்தான்.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
வந்துட்டாருய்யா சமஸ்கிருத வக்கீல். போன மாசம் அரிசிக்கு கிரேக்கத்துல சொல்ற 'ஒரிஸா' நம்ம அரிசிலேந்து போனதுன்னு சொன்னப்ப ஆதாரம் ஆதாரம்னு குதிச்சவரு இவருதான்.

பாதிநிலா:
இன்னமும்தான் கேக்குறேன். குடுத்தீங்களா?

நடுசாமநரி:
அரிசிய தனியா வச்சு பொங்குங்க. நான் சொல்றதக் கேளுங்க, ஓநாயா மாறுறது கிரேக்கனுக்குப் புதுசே இல்ல, கிரேக்கத்து ஆர்க்காடியா ராஜா லிக்காவோன ஸியூஸ் கடவுள் ஓநாயாக்கின கதை கிறிஸ்துவுக்கு முன்னாடியே இருக்கு, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்கூட நியூரின்னு ஒரு ஜனங்க வருஷத்துக்கு ஒருதரம் கொஞ்ச நாள் ஓநாயா திரியுறாங்கன்னு கேள்விப்பட்டத எழுதிட்டு நான் நம்பலன்னுட்டாரு, அதனால அதுக்கு சொந்தச் சொல்லு அவன்கிட்டயே இருந்துச்சு, ஸ்லாவ் சொல்லு பின்னால வந்தப்ப பொணத்துக்கு ஒட்டிக்கிச்சு, செர்பியாக்காரனும் வுகோத்லாக்க ரத்தம் குடிக்கிற பொணத்துக்கு சொல்றான். இதுல சேறு எங்க வந்துச்சு, குழி எங்க வந்துச்சு?

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
பொணத்த எங்க புதைப்பாங்க? குழியில. இவ்ளோ நீளமா எழுதினதுல 'த்'துக்கு பதில் மட்டும் காணோம்.

நடுசாமநரி:
பல்கேரியான்னு ரெண்டாவது பதிவுலயே சொல்லியாச்சு, மேல போய்ப் படிங்க.

பாதிநிலா:
அரிசிக்கு ஆதாரம்?

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
முதல்ல 'த்'.