டாரி பொல்லாத அண்ணாவா? இளையோர் நாவலொன்றை எங்கட பிள்ளைகளோடு வாசித்த அனுபவம்

எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கத்து வாசிகசாலையொன்றில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசித்தோம். வந்தவர்கள் அநேகமாகத் தரம் 10, 11 பிள்ளைகள். புத்தகங்கள் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தவை. ஆங்கிலத்தில் கொஞ்சம் வாசிப்பது, பிறகு தமிழில் கதைப்பது. அப்படித்தான் போனது.

1967 இல் வந்த அமெரிக்க நாவல் இது. ஹின்டன் தன் சொந்த ஊரான துல்சாவை மனதில் வைத்து எழுதியது. வசதியில்லாத பெடியள் ஒரு பக்கம், அவர்களுக்குக் கிறீசர்கள் என்று பெயர். பணக்காரப் பெடியள் மறுபக்கம். கதை சொல்பவன் 14 வயதுப் பொனிபோய். தாய் தகப்பன் கார் விபத்தில் இறந்துவிட, 20 வயது அண்ணன் டாரிதான் அவனையும் நடுவிலான் சோடாபொப்பையும் வைத்துப் பார்க்கிறான்.

முதல் இரண்டு அத்தியாயங்களை முடித்ததும் டாரியைப் பற்றி எழுதச் சொன்னேன். வந்ததெல்லாம் சோதனை விடைகள்: கோபக்காரன், கண்டிப்பானவன், பாசமில்லாதவன். ஒவ்வொரு குணவியல்புக்கும் ஓர் உதாரணம், கீழே அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு. பிழை சொல்ல முடியாது, புத்தகம் அப்படித்தான் தொடங்குகிறது. டாரியின் கண்களைப் பனிக்கட்டித் துண்டுகள் என்றே பொனிபோய் சொல்கிறான். நான் கேட்டது ஒன்றுதான்: இதையெல்லாம் யார் சொல்கிறான்?

வழக்கத்தில் வாயே திறக்காத ஒரு பெடியன் பின்வாங்கிலிருந்து சொன்னான்: "ரீச்சர், தமையன் வேலைக்குப் போறதை இவன் சும்மா சொல்லிப்போட்டுப் போறான். பேச்சு வாங்கினதை மட்டும் நீட்டி நீட்டிச் சொல்றான்."

அதோடு எல்லோரும் பக்கங்களைத் திரும்பப் புரட்டத் தொடங்கினார்கள். டாரி படிப்பிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரன், ஆனால் கல்லூரிக்குப் போகாமல் கூரை வேலைக்குப் போகிறான். தம்பி நேரம் பிந்தி வந்த இரவில் படுக்காமல் காத்திருக்கிறான். அந்த இரவுதான் ஆத்திரத்தில் கை நீட்டுகிறான், தம்பி வீட்டை விட்டு ஓடுகிறான். காத்திருந்ததும் அடித்ததும் ஒரே ஆள், ஒரே இரவு. பொனிபோய் இரண்டையும் கண்டிருக்கிறான், ஆனால் ஒன்றுதான் அவன் மனதில் நிற்கிறது. பிறகு ஆஸ்பத்திரியில் டாரி அழும்போதுதான், தாய் தகப்பனைப் போலத் தம்பியையும் இழந்துவிடுவேனோ என்று அண்ணன் பயந்திருக்கிறான் என்பது அவனுக்கு விளங்குகிறது.

டாரி மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் தேடிப்போகத் தேவையில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் ஏ.எல். படிப்பை விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போன மூத்த பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளை தன் அண்ணாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள். நான் மேலே கேட்கவில்லை.

பாத்திரத்துக்கு ஒரு தலைப்பு, உத்திக்கு இன்னொரு தலைப்பு என்று பிரித்து எழுதப் பழக்குகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. "தன்மையில் கதை சொல்லப்படுகிறது" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்தத் 'தன்மை', அந்த 'நான்', டாரியை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்காவிட்டால் நாவல் கைக்கு வராது. நாவலுக்குள்ளேயே பத்திரிகைச் செய்தியும் வருகிறது. தேவாலயத்தில் தீப்பிடித்தபோது பிள்ளைகளைக் காப்பாற்றியதும் பேப்பர் இதே பெடியளை வீரர்கள் ஆக்கிவிடுகிறது. வாள்வெட்டுச் செய்திகளில் வயதும் ஊரும் மட்டும் வாசித்துப் பழகிய எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் நிறைய நேரம் நின்றார்கள்.

கடைசிப் பக்கத்தில்தான் பெரிய வாக்குவாதம். முதல் வசனமே கடைசி வசனமாகத் திரும்ப வருகிறது. நாங்கள் வாசித்தது முழுக்கப் பொனிபோய் ஆங்கிலப் பாடத்துக்கு எழுதிய கட்டுரை. "அப்ப எல்லாம் விளங்கின பிறகுதானே எழுதினவன்? பிறகேன் தொடக்கத்திலை டாரியை அப்பிடி எழுதினவன்?" என்று ஒருத்தி கேட்டாள். பிந்தி விளங்கியதை முந்திச் சொல்லாமல் மறைக்கிறான், தான் வந்த வழியாலேயே எங்களையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்பது என் எண்ணம். அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றாள். அதுவும் சரியாக இருக்கலாம்.

*

அக்கா, உங்கள் கட்டுரையை வாசித்தேன். நானும் வடமராட்சியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என் வகுப்பு முட்டுப்பட்டது வேறு இடத்தில். பொனிபோயின் கூட்டாளி ஜொனி, பொப் என்ற பணக்காரப் பெடியனைக் கத்தியால் குத்திக் கொன்றவன். ஜொனி இறந்த பிறகு பொனிபோய் அவன் சாகவில்லை என்கிறான், கத்தி தன் கையில்தான் இருந்தது, பொப்பைக் கொன்றது தானே என்கிறான். பெடியள் கொதித்துப் போனார்கள்: "சேர், இவன் பொய் சொல்றான்!" அவ்வளவு தூரம் அவனை நம்பி வந்திருக்கிறார்கள். நம்பமுடியாத கதைசொல்லி என்று நான் கரும்பலகையில் எழுதவில்லை. "இவன் யாரை ஏமாத்துறான்?" என்று மட்டும் கேட்டேன். "தன்னைத்தான்" என்று பதில் வந்தது. உத்தியின் பெயரை அடுத்த பாடத்தில் சொல்லிக்கொடுத்தேன், அப்போது அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

நாவலில் பொனிபோய் ஜொனிக்குச் சொல்லிக் காட்டும் ரொபர்ட் ஃப்ரொஸ்டின் எட்டு வரிக் கவிதையையும் அப்படித்தான் செய்தேன். 1923 இல் வந்த அந்தக் கவிதையைத் தனியாகப் படிப்பிக்காமல், ஜொனியின் கடிதம் வரும் இடத்தில் திரும்ப வாசித்தோம்.

*

நான் இப்போது கம்பஸில் இருக்கிறேன். இந்த நாவலை ஓ.எல். படிக்கும் காலத்தில் வாசித்தேன். எழுதத் தொடங்கியபோது ஹின்டனுக்கு 15 வயது என்று பிறகுதான் அறிந்தேன். ஒரு பெண் இப்படி எழுதியிருக்கிறாள் என்றால் விமர்சகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று பதிப்பாளர்கள் நினைத்ததால்தான் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். அதற்குப் பிறகு செரி வரும் இடங்களைத் தேடித் தேடி வாசித்தேன். பணக்காரப் பக்கத்துப் பிள்ளை அவள், ஆனால் பொனிபோயைப் போலவே பொழுதுபடுவதைப் பார்ப்பவள். இருந்தாலும் அவளுக்கு இடம் போதாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ரீச்சர், உங்கள் பிள்ளைகள் கிறீசர் கூட்டத்து முரடன் டலியைப் பற்றி என்ன சொன்னார்கள்? எங்கள் வகுப்பில் அவனை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

*

தங்கச்சி, டலிக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது. அவனும் பொனிபோயின் கண்ணால் வருகிறவன்தான் என்று அந்தப் பின்வாங்குப் பெடியன் பிடித்த பிடியை விடவில்லை. அவன் எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கத்தை, அவன் ஓம் என்றால், இங்கே போடுகிறேன்.