டிஸ்னிலாந்து நீர்மூழ்கிப் படகு உண்மையிலேயே மூழ்குகிறதா? பெற்றோரை ஏற்றலாமா?

வைகைக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் என் பெற்றோர் மதுரையிலிருந்து கலிபோர்னியாவுக்கு வருகிறார்கள். அவர்களையும் ஆறு வயது மகனையும் அனாஹெய்மில் உள்ள டிஸ்னிலாந்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். மற்ற எதைப் பற்றியும் மகன் வாய் திறக்கவில்லை; நீமோ என்ற கார்ட்டூன் மீனின் கதையைக் காட்டும் நீர்மூழ்கிப் படகில் ஏறியே ஆக வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக இருக்கிறான்.

அம்மாவுக்கு மூடிய இடம் என்றால் ஆகாது. ஐந்தாம் மாடியாக இருந்தாலும் லிஃப்டைத் தவிர்த்துவிட்டுப் படியேறிப் போகிறவர். அப்பாவின் சிக்கல் இதற்கு நேர்மாறானது: அவருக்குப் பயம் எதுவும் இல்லை, ஆனால் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர் என்பதால் குறுகலான படிகளில் இறங்கச் சிரமப்படுவார். என் மைத்துனரோ, படகு இருபதடி ஆழத்துக்குப் போகும், காது அடைத்துக்கொள்ளும் என்று தொலைபேசியில் சொல்லி, இருந்த பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்.

படகு உண்மையிலேயே மூழ்குகிறதா, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது, வெளியே தெரியும் மீன்கள் உயிருள்ளவையா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கடற்காகம்

ஐயா, உங்கள் மைத்துனர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்தப் படகு எந்தக் கட்டத்திலும் மூழ்குவதில்லை. ஓர் அங்குலம்கூடக் கீழே இறங்குவதில்லை. புறப்படும் துறையில் அதன் மேல்தளம் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறதோ, அதே அளவில்தான் பயணம் முடியும்வரை நிற்கும். பயணிகள் அமரும் கூடம் படகின் அடிப்பகுதியில் இருப்பதால், வட்டச் சன்னல்கள் தொடக்கத்திலிருந்தே நீருக்குள் அமிழ்ந்திருக்கின்றன. நீருக்கடியிலுள்ள தண்டவாளம் ஒன்று வழிநடத்த, ஒரே பாதையில் படகு மெதுவாக நகர்கிறது. காது அடைப்பதற்கும் வாய்ப்பில்லை. உண்மையான சுற்றுலா நீர்மூழ்கிகளிலேயே உள்ளே இருக்கும் காற்று தரையில் உள்ள அழுத்தத்தில்தான் வைக்கப்படுகிறது என்னும்போது, மூழ்காத படகில் காதுக்கு என்ன வேலை?

அப்படியானால் மூழ்கும் உணர்வு எப்படி வருகிறது என்று உங்கள் மகன் கேட்பான். அவனுக்குச் சொல்ல வேண்டியது காற்றுக் குமிழிகளின் கதை. படகு புறப்பட்டதும் சன்னலுக்கு வெளியே மேல்நோக்கிப் பார்த்தால் நீரின் மேற்பரப்பு பளபளப்பது தெரியும். படகின் தலைவர் மூழ்கக் கட்டளையிடும் நேரத்தில் குமிழிகள் திரளாகக் கிளம்பிக் கண்ணாடியை உரசியபடி மேலே ஓடும். அருகிலுள்ள எல்லாமே மேலே போகும்போது நாம் கீழே போகிறோம் என்றுதான் கண் முடிவுசெய்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் நகர்ந்தால் நம் ரயில் புறப்பட்டதாகத் தோன்றுவதைப் போன்றது இது. பிறகு படகு ஓர் அருவியின் அடியில் புகுந்து, குகை போல அமைத்த இருண்ட கட்டடத்துக்குள் போகிறது. வெளியில் நிற்பவர்களுக்கு அந்த அருவி வாயிலை மறைக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கோ நீர் கொந்தளித்து வெளிச்சம் குறைவதால் ஆழத்துக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது.

இதில் ஒளியியலுக்கும் பங்குண்டு. தட்டையான கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும்போது, நேர் எதிரே உள்ள பொருள் அதன் உண்மைத் தொலைவில் ஏறத்தாழ முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். அதனால் பவளத்திட்டுகள் கையெட்டும் தூரத்தில் இருப்பதாகவும் சற்றுப் பெரியவையாகவும் தெரிகின்றன. அந்தப் பவளங்கள் பாறை வடிவங்களின் மேல் நிறம் பூசிச் செய்தவை. நிறம் மங்காமல் மின்னுவதற்காக, மறுசுழற்சி செய்து பொடித்த கண்ணாடியை 30 டன்னுக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறார்கள். நீர்நிலையின் கொள்ளளவு 63 லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 38 லட்சம் லிட்டர்.

மீன்கள் எதற்கும் உயிர் கிடையாது. திறந்தவெளிப் பகுதியில் இருப்பவை இயந்திரப் பொம்மைகள். குகைக்குள் பேசியபடி நீந்தும் நீமோவும் தோழர்களும் திரைப்பட முறையில் வீழ்த்தப்படும் அசையும் உருவங்கள். 1959-இல் தொடங்கிய முதல் வடிவத்திலும் மீன்கள் பொம்மைகள்தாம்.

மலைக்கோட்டை மாமணி

கடற்காகம் விளக்கியதைப் படித்தபோது எனக்கு எழுந்த எண்ணம் இது: மூழ்காத படகில், உயிரில்லாத மீன்களைப் பார்க்க, வெயிலில் நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டுமா? நுழைவுக் கட்டணமே குறைவில்லை. முதியவர்களை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைப் படுவதற்குப் பதிலாக, லாங் பீச்சில் உள்ள பசிபிக் மீன்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றால் உண்மையான சுறாக்களையே காட்டிவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

கடற்காகம்

மலைக்கோட்டையார் சொல்லும் மீன்காட்சியகம் மிக நல்ல இடம்தான். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தப் படகை வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1958 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸ் வடதுருவத்தைப் பனிக்கடியிலேயே கடந்து சென்றது. அடுத்த ஆண்டே, 1959 ஜூன் 14 அன்று, டிஸ்னிலாந்தில் எட்டு நீர்மூழ்கிப் படகுகள் ஓடத் தொடங்கின. அவற்றின் பெயர்களே நாட்டிலஸ், ஸ்கேட், ஜார்ஜ் வாஷிங்டன் என்று கடற்படைக் கலங்களின் பெயர்கள்தாம். நிறமும் போர்க்கப்பலின் சாம்பல் நிறம். பனிப்படலத்தின் அடியில் செல்லும் காட்சியும் பயணத்தில் இருந்தது. மோனோரயிலும் மேட்டர்ஹார்ன் மலைச் சறுக்கு வண்டியும் அதே நாளில் திறக்கப்பட்டன. விழாவுக்கு அப்போதைய துணை அதிபர் நிக்சன் குடும்பத்தோடு வந்திருந்தார். செய்தித்தாளில் மட்டும் படித்த ஒன்றைச் சாதாரணக் குடும்பத்தினர் உள்ளே அமர்ந்து உணர்வதற்கு அன்று வேறு வழியே இருந்திருக்காது.

ஒரு துணைச் செய்தி: 1960-களின் நடுவில் சில கோடைகாலங்களில் கடற்கன்னி வேடமிட்ட பெண்கள் அந்த நீர்நிலையில் நீந்தியும் பாறைகளில் அமர்ந்தும் பார்வையாளர்களுக்குக் கையசைத்ததுண்டு. அந்தத் தண்ணீரில் உயிரோடு நீந்தியவர்கள் என்றால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பழைய படகுகள் டீசலில் ஓடின. 1998 செப்டம்பரில் நிறுத்தப்பட்டன. 2007 ஜூனில் நீமோ கதையுடன் மீண்டும் தொடங்கியபோது, பழைய படகுகளின் உடற்பகுதியை வைத்துக்கொண்டே மின்சாரத்தில் ஓடும்படி மாற்றினார்கள். துறையில் நிற்கும் நேரத்தில் கம்பி இணைப்பு ஏதுமின்றிக் காந்தத் தூண்டல் முறையில் மின்கலங்கள் ஊட்டம் பெறுகின்றன. இந்த ஒன்றுக்காகவே பொறியியல் படித்தவர்கள் துறையருகே சற்று நின்று பார்க்கலாம்.

தென்பொதிகையாள்

வரலாறு சுவையாகவே இருக்கிறது. ஆனால் கேட்டவருக்குத் தெரிய வேண்டியது அம்மா அப்பா செய்தி என்பதால் அதற்கு வருகிறேன்.

மூழ்கவில்லை என்பதாலேயே மூடிய இட அச்சம் உள்ளவருக்கு இது ஏற்றது என்று முடிவுசெய்துவிடாதீர்கள். நீரின் ஆழம்தான் பொய், அடைப்பு மெய்யானது. மேல்தளத்தில் உள்ள வாயில் வழியாக வளைந்த குறுகிய படியில் கீழே இறங்க வேண்டும். உள்ளே நீண்ட ஒற்றை நடையில் நாற்பது பேர், நடுவில் முதுகுக்கு முதுகாக இரண்டு வரிசையில், ஆளுக்கொரு சன்னலைப் பார்த்தபடி அமர்வார்கள். சன்னல் சற்றுத் தாழ்வாக இருப்பதால் பெரியவர்கள் முன்னோக்கிக் குனிந்தே பார்க்க வேண்டியிருக்கும். கூரை தாழ்வு. பயணம் பதின்மூன்று, பதினான்கு நிமிடங்கள் நீடிக்கும். இடையில் எழுந்து வெளியேற வழியில்லை. லிஃப்டில் இருபது நொடி நிற்க முடியாதவரை இதற்குள் அழைத்துச் செல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பேரன் ஆசைப்படுகிறான் என்பதற்காக அவர் ஒப்புக்கொள்வார்; நம் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான். அதனால் அவரிடம் "வருகிறீர்களா" என்று கேட்காமல், உள்ளமைப்பைக் காட்டும் காணொளி ஒன்றை வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். படிக்கட்டையும் இருக்கை வரிசையையும் பார்த்ததும் அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

அப்பாவைப் பொறுத்தவரை படிதான் சிக்கல். சக்கர நாற்காலியைப் படகுக்குள் கொண்டுபோக முடியாது. தாமாகவே இறங்கி ஏற வேண்டும். கைப்பிடியைப் பற்றி மெதுவாக இறங்கக்கூடியவர் என்றால் முயலலாம், ஆனால் பின்னால் வருபவர்கள் காத்திருப்பதால் அவருக்குத் தயக்கம் ஏற்படும். அவருக்காக ஒன்று செய்யலாம்: படகில் இறங்க இயலாதவர்களுக்கென்று தரையிலேயே ஒரு காட்சியறை அமைத்திருக்கிறார்கள். பயணத்தில் தெரியும் அதே காட்சிகளை அங்கே பெரிய திரையில் உட்கார்ந்து பார்க்கலாம். நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். அம்மாவும் அவரோடு அங்கேயே இருந்துவிடலாம்.

மகனுக்கு உயரக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

ஓர்லாண்டோவாசி

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருளுங்கள். புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் நம்பிப் பயணத்தை மாற்றிவிட வேண்டாம். அது 1971 அக்டோபரில் தொடங்கி 1994 செப்டம்பரோடு நின்றுபோயிற்று. நீர்நிலையையே 2004-இல் தூர்த்துவிட்டார்கள். இன்று அந்த நிலப்பகுதியில் வேறு சவாரிகள் ஓடுகின்றன. பாரிஸ் டிஸ்னி பூங்காவில் உள்ளது ஏறிச் செல்லும் சவாரியன்று, நடந்து பார்க்கும் காட்சி. டோக்கியோ டிஸ்னிசீயில் 2001 முதல் ஒன்று ஓடுகிறது. அதில் கலம் நீருக்குள்ளேயே இல்லை. சன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மட்டும் நீரை நிரப்பிக் குமிழி விடுகிறார்கள். மேலேயுள்ள தண்டவாளத்தில் தொங்கியபடி கலம் காற்றில் போகிறது. அதைப் பார்த்தவர்களுக்கு அனாஹெய்ம் படகு முழு நேர்மையோடு நடப்பதாகவே தோன்றும்.

வைகைக்கரையான்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காணொளி யோசனையை அம்மா வந்து இறங்கிய வாரமே செயல்படுத்துகிறேன். அந்தக் காட்சியறை இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு கேள்வி மட்டும்: மீன்கள் பொம்மைகள் என்று மகனிடம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. உண்மையான மீன்களைப் படகிலிருந்து பார்க்கும் சவாரி அருகில் வேறு எங்கேனும் உண்டா? மேலும், நீமோ படகில் எந்தப் பக்கம் அமர்ந்தால் நன்றாகத் தெரியும்?

கடற்காகம்

அனாஹெய்மிலிருந்து தெற்கே காரில் போனால் கார்ல்ஸ்பாடில் உள்ள லெகோலாந்து கேளிக்கைப் பூங்காவில் 2018 முதல் ஒரு நீர்மூழ்கிச் சவாரி நடக்கிறது. அதுவும் ஆழத்தில் இறங்குவதில்லை, ஆனால் சன்னலுக்கு வெளியே நீந்தும் சுறாக்களும் திருக்கைகளும் வண்ணமீன்களும் உயிருள்ளவை. ஆறு வயதுக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

உண்மையிலேயே மூழ்க வேண்டும் என்றால் ஹவாய்த் தீவுகளுக்குத்தான் போக வேண்டும். ஹோனலூலுவின் வைகிகிக் கடற்கரையிலிருந்து புறப்படும் சுற்றுலா நீர்மூழ்கிகள் 100 அடிக்கு மேல் இறங்குகின்றன. அதில் ஏறக் குழந்தை 36 அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே இறங்க இருப்பது செங்குத்தான ஏணி என்பதால் உங்கள் அப்பாவுக்கு அது இன்னும் கடினம்.

தென்பொதிகையாள்

நீமோ படகில் நாமாகப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஊழியர்கள் எந்தப் படிக்கு அனுப்புகிறார்களோ, அங்கிருந்து வரிசையாக நகர்ந்து உட்கார வேண்டியதுதான். கதை இரு பக்கமும் சொல்லப்படுகிறது என்பதால் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று: முதலில் மகனை உள்ளே அனுப்பிவிட்டு அடுத்து நீங்கள் அமருங்கள். குகைக்குள் கடலடிக் கண்ணிவெடி வெடிக்கும் காட்சியில் படகு அதிர, வெளிச்சம் திடீரென்று மாறும். சிறு பிள்ளைகள் பலர் அந்த இடத்தில்தான் அழுகிறார்கள். மேலும் காலையில் பூங்கா திறந்தவுடனே போய்விடுங்கள். ஏறி இறங்க நேரமெடுக்கும் சவாரி என்பதால், பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டால் பிறகு எளிதில் குறைவதில்லை.